தண்ணீரும் வற்றுகிறது, பெட்டரியும் இறங்குகிறது: ஒரு மொரிஸ் மைனரின் சார்ஜ் கோளாறு

கார் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, 948 சிசி. எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் பிறப்பித்துப் பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ லூகாஸ் சி40. அதைக் கட்டுப்படுத்துவது லூகாஸின் ஆர்பி106 ரெகுலேட்டர் பெட்டி. அந்தக் கால பிரித்தானியக் கார்களின் வழக்கப்படி இதில் பெட்டரியின் பிளஸ்தான் பாடிக்கு எர்த், அதாவது காரின் இரும்பு உடலோடு இணைந்திருப்பது. இன்றும் அப்படியே இருக்கிறது, யாரும் மாற்றவில்லை. உரிமையாளர் இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கத்தில் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். எல்லோரும் அழைப்பதுபோல நானும் அவரை மாஸ்டர் என்றே எழுதுகிறேன். கார் அவரிடம் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

நான் ஹட்டனில் வாகன எலக்ட்ரிக்கல் வேலை செய்பவன். இந்தக் காரில் என் கையாலேயே ஒரு தடவை தவறு நடந்தது. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

மாஸ்டர் வந்ததும் சொன்னது இது: "தம்பி, எட்டு மாசத்துல இது மூணாவது பெட்டரி. காலையில சாவியத் திருப்பினா டிக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா தண்ணியும் ஊத்த வேண்டியிருக்கு. சார்ஜே ஏறலைன்னா தண்ணி ஏன் வத்துது?"

கேள்வி நல்ல கேள்வி. பெட்டரியில் தண்ணீர் வேகமாக வற்றினால் சார்ஜ் அதிகமாக ஏறுகிறது என்று அர்த்தம். காலையில் எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் சுற்றாவிட்டால் சார்ஜ் போதவில்லை என்று அர்த்தம். இரண்டும் ஒரே காரில் ஒரே மாதத்தில் வந்தால் குழப்பம்தான். அவர் போன ஒவ்வொரு இடத்திலும் இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஓரிடத்தில் பெட்டரி பழுது என்று புதியது விற்றார்கள். இன்னோரிடத்தில் ஓவர் சார்ஜ் என்று சொல்லி ரெகுலேட்டர் பெட்டியின் மூடியைத் திறந்து ஸ்குரூவைத் தளர்த்திவிட்டார்கள். மூன்றாவது இடத்தில், "இந்தப் பழைய சாமானையெல்லாம் வீசிட்டு ஆல்டர்னேட்டர் போடுங்க" என்றார்களாம். டைனமோவுக்குப் பதிலாகப் பிந்திய கார்களில் வருவது அது.

இடையில் எட்டு மாதமும் கார் ஓடாமல் நிற்கவில்லை. மாஸ்டர் வீட்டு வாசல் சரிவு. இரவில் காரை அந்தச் சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுவார். காலையில் கல்லை எடுத்து, இரண்டாவது கியரில் உருட்டி, கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். டைனமோ கார்களுக்கு இது ஒரு வசதி. அதன் இரும்பில் கொஞ்சம் காந்தம் எப்போதும் மிஞ்சியிருக்கும், ஆகையால் பெட்டரி அநேகமாக இறங்கிப்போயிருந்தாலும் சுற்றினால் தானாகவே மின்சாரம் பிறப்பிக்கத் தொடங்கும். ஆல்டர்னேட்டரை விழிக்க வைக்க பெட்டரியில் கொஞ்சமாவது உயிர் வேண்டும். மலைநாட்டில் இந்தக் கார்கள் இத்தனை காலம் நின்றதற்குச் சரிவும் ஒரு காரணம் என்று நான் நினைப்பதுண்டு.

முதல் நாள் பார்த்தவை. ஓய்வில் பெட்டரி 11.9 வோல்ட். நல்ல சார்ஜில் 12.6 அல்லது 12.7 இருக்கவேண்டும், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் ஐந்து அறைகள் 1.150 பக்கம், அதுவே மிகக் குறைவு, ஓர் அறை அதிலும் கீழே. தட்டுகளின் தலை தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. மேல்மூடி ஈரமாக, முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அமிலம் பொங்கி வழிந்த பெட்டரி அப்படித்தான் இருக்கும். தண்ணீர் ஊற்றி, 4 ஆம்பியரில் இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜ் போட்டேன்.

ஃபேன் பெல்ட் சரியாக இருந்தது. அடுத்தது டைனமோ. டைனமோவின் டி (மின்சாரம் வெளியே வரும் முனை), எஃப் (ஃபீல்டு முனை) இரண்டு வயர்களையும் கழற்றி, டைனமோவில் உள்ள அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் ஒன்றாக இணைத்து, அங்கிருந்து பாடிக்கு மீட்டரை வைத்து எஞ்சினை மெதுவாக ஏற்றவேண்டும். நல்ல டைனமோ என்றால் வோல்ட் துள்ளாமல் சீராக ஏறும். 20 வோல்ட்டைத் தாண்ட விடக்கூடாது, எஞ்சினை அதற்கு மேல் முறுக்கினால் டைனமோவை நாமே எரித்துவிடுவோம். வெறும் அரை வோல்ட், ஒரு வோல்ட்டில் நின்றுவிட்டால் டைனமோவுக்குள் காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலைச் சந்தேகிக்கலாம். நாலைந்து வோல்ட்டில் முக்கினால் நடுவில் சுழலும் ஆர்மேச்சரை.

இந்த டைனமோவில் வோல்ட் ஏறியது, ஆனால் துள்ளித் துள்ளி ஏறியது. கழற்றிப் பார்த்தால் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து, ஸ்பிரிங்கின் கை பிரஷை அழுத்தாமல் அதன் பெட்டியிலேயே உட்கார்ந்திருந்தது. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குச் சொல்லி பஸ்ஸில் பிரஷ் வரவழைத்தேன். பிரஷ் உரசும் செம்பு வளையமான கொமியூட்டேட்டரை, கண்ணாடித்தூள் ஒட்டிய மெல்லிய உப்புத்தாளால் துடைத்தேன். எமரித் தாளால் துடைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதன் தூள் மின்சாரத்தைக் கடத்தும், செம்புப் பட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தால் வேறு வம்பு. பட்டைகளுக்கு இடையில் உள்ள மைக்காவை ஹாக்சோ பிளேடால் கீறித் தாழ்த்தினேன். பின்பக்க புஷ்ஷுக்கு நாலு சொட்டு எண்ணெய். பூட்டி ஓடவிட்டபோது பெட்டரியில் 13.4 வோல்ட். சற்றுக் குறைவுதான். ரெகுலேட்டர் ஸ்குரூவை ஏற்கெனவே ஒருவர் தளர்த்தியது தெரியும், அதனால்தான் என்று எண்ணி, சார்ஜ் ஏறுகிறதே, போதும் என்று காரைக் கொடுத்தனுப்பினேன்.

என் தவறு அங்கேதான். தேய்ந்த பிரஷ் உண்மையான பழுது, அதில் சந்தேகமில்லை. ஆனால் தேய்ந்த பிரஷ் தண்ணீரை வற்ற வைக்காது. மாஸ்டர் கேட்ட கேள்விக்கு நான் பதிலே தேடவில்லை. கையில் ஒரு பழுது கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. கார் நானுஓயாவில் நிற்கிறது, செல்ஃப் அடிக்கவில்லை. அதற்கு முந்தின வாரம் ஹெட்லைட் பல்பு இரண்டும் ஒரே இரவில் போய்விட்டன. காருக்குள் அழுகின முட்டை வாடையும் அடித்ததாம். பல்பு போனதும் வாடை அடித்ததும் வோல்ட் கூடியதால், செல்ஃப் அடிக்காதது சார்ஜ் ஏறாததால். ஒன்பது நாளுக்குள் இரண்டும்.

இந்த முறை கருவிப்பெட்டியைத் திறக்கவில்லை. தேநீர் வரவழைத்து, மாஸ்டரைப் பேச வைத்தேன். டாஷ்போர்டில் உள்ள சிவப்பு லைட் எப்படி எரிகிறது என்று கேட்டேன்.

"ஸ்டார்ட் பண்ணுனா எரியும், கொஞ்சம் முறுக்கினா அணைஞ்சிரும். அது சரிதானே?"

"சரிதான் மாஸ்டர். அதுக்கப்புறம்?"

"மேட்டுல ரெண்டாவது கியர்ல ஏத்தும்போது சில நேரம் மறுபடி எரியும். முறுக்க முறுக்க வெளிச்சம் கூடும். எஞ்சின் கஷ்டப்படுதுன்னு நெனச்சேன். ஒருத்தர் பல்ப் லூஸுன்னாரு."

இதை எட்டு மாதமாக அவர் வைத்திருந்தார், யாரும் கேட்கவில்லை. நானும் முதல் நாள் கேட்கவில்லை.

அந்தச் சிவப்பு லைட்டின் ஒரு முனை டைனமோவில், மறுமுனை இக்னிஷன் வழியாகப் பெட்டரியில். இரண்டு பக்கமும் வோல்ட் சமமானால் அணையும். பெட்டரி அதிகமாக இருந்தாலும் எரியும், டைனமோ அதிகமாக இருந்தாலும் எரியும். எந்தப் பக்கம் கூட என்பது அதற்குத் தெரியாது, வித்தியாசம் மட்டும்தான் தெரியும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது எரிந்து, ஏறும்போது அணைந்து, இன்னும் ஏறும்போது மறுபடி பிரகாசமாக எரிந்தால், டைனமோ பெட்டரியைத் தாண்டி மேலே போகிறது, ஆனால் அதன் மின்சாரம் பெட்டரிக்கு வந்து சேரவில்லை. டைனமோ நன்றாக வேலை செய்கிறது. நடுவில் இருக்கும் கதவு மூடிக்கிடக்கிறது.

அந்தக் கதவு கட்டவுட். எங்கள் பக்கம் ரெகுலேட்டர் பெட்டி முழுவதையுமே கட்டவுட் என்றுதான் சொல்வார்கள், உண்மையில் பெட்டிக்குள் இரண்டு ஆட்கள். ஒருவர் கட்டவுட்: டைனமோ 13 வோல்ட் பக்கம் வந்ததும் காயில் இழுத்து, பெட்டரிக்குத் தொடர்பைச் சேர்ப்பார். எஞ்சின் தணிந்து மின்சாரம் திரும்பி ஓட ஆரம்பித்தால் விட்டுவிடுவார். மற்றவர் ரெகுலேட்டர்: வோல்ட் கூடினால் ஃபீல்டுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைப்பார். இரண்டு பேரும் டைனமோவின் வோல்ட்டை அறிந்துகொள்வது தங்கள் மெல்லிய காயில் மூலம். அந்த இரண்டு காயிலின் மறுமுனையும் ஒரே இடத்தில் சேர்கிறது. அது பெட்டியின் ஈ என்று எழுதிய முனை, எர்த்.

அப்படியானால் ஈ முனையின் எர்த் அறுந்தால் என்ன ஆகும்? கட்டவுட் காயிலில் மின்சாரம் ஓடாது, கதவு திறக்காது, பெட்டரிக்குச் சார்ஜ் இல்லை. ரெகுலேட்டர் காயிலிலும் ஓடாது, அதனால் யாரும் அடக்காமல் டைனமோ இஷ்டத்துக்கு ஏறும். சிவப்பு லைட் மறுபடி எரியும். முழுதாக அறாமல் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தால்? கதவு திறக்கும், ஆனால் ரெகுலேட்டர் பார்க்கும் வோல்ட் உண்மையைவிடக் குறைவாக இருக்கும். குறைவாக இருக்கிறதே என்று அது இன்னும் ஏற்றும். தண்ணீர் வற்றும், பல்பு போகும்.

காகிதத்தில் பொருந்திவிட்டது. ஆனால் ஏற்கெனவே ஒருமுறை அவசரப்பட்டவன் என்பதால் அளந்து பார்க்காமல் கை வைக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பெட்டியின் டி (டைனமோ பக்கம்), ஏ (பெட்டரி பக்கம்), ஈ (எர்த்) மூன்று முனைகளிலிருந்தும் நீள வயர் இழுத்துக் காருக்குள் கொண்டுவந்தேன். பெட்டரியின் பிளஸ் முனையிலிருந்தும் ஒன்று. எல்லா அளவும் அந்த முனையை வைத்துத்தான், பாடியை வைத்து அல்ல. பாடியைத்தானே சந்தேகிக்கிறோம். பிளஸ் எர்த் கார் என்பதால் மீட்டரின் சிவப்பு வயர் எர்த்துக்கு, கறுப்பு வயர் முனைகளுக்கு. பழக்கத்தில் மாற்றிப் பிடித்தால் எண்ணுக்கு முன்னால் மைனஸ் வரும், பயப்பட ஒன்றுமில்லை. பெட்டரியை முழுச் சார்ஜில் போட்டு, மாஸ்டர் ஓட்ட, நான் பக்கத்தில் மீட்டருடன், கடைப் பையன் பின்சீட்டில் கொப்பியுடன். ஹட்டனிலிருந்து கொட்டகலை தாண்டி தலவாக்கலை ரோட்டில் போனோம். மழை இல்லை, டெவன் அருவிப் பக்கம் மட்டும் கொஞ்சம் மூடுபனி.

சமதரையில் ஏ 13.4, ஈ 0.05. நல்லபடியாகவே இருந்தது. இப்படியே திரும்பவேண்டி வருமோ என்றுகூட நினைத்தேன்.

மேட்டில் மாஸ்டர் இரண்டாவது கியருக்கு மாற்றினார். ஈ 2.1க்குத் தாவியது. ஏ 15.5.

15.5 இலிருந்து 2.1 போனால் 13.4. ரெகுலேட்டர் எந்தத் தவறும் செய்யவில்லை. தனக்கும் தன் எர்த்துக்கும் நடுவில் 13.4ஐ உறுதியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் காலுக்குக் கீழே இருந்த தரைதான் 2.1 வோல்ட் உயர்ந்துவிட்டது.

அடுத்த வளைவில் ஈ 17.8, டி 17.8, ஏ 12.2. சிவப்பு லைட் பளிச்சென்று எரிந்தது. எர்த் ஆக வேண்டிய முனையில் டைனமோவின் முழு வோல்ட். காயில் வழியாக வந்து, போக வழியில்லாமல் நின்றது. "நிறுத்துங்க மாஸ்டர், போதும்" என்றேன். அடக்குவாரில்லாமல் டைனமோவைச் சுழல விட்டால் ஃபீல்டு காயில் வெந்துபோகும். பையன் கொப்பியில் "ஈ 17.8" என்று எழுதி, பக்கத்தில் ஓர் ஈயையும் வரைந்திருந்தான்.

பானட்டைத் திறந்து ஈ வயரைத் தொடர்ந்து போனேன். எஞ்சின் அறையின் பின்சுவரில் ஒரு ஸ்குரூவுக்கு அடியில் வளையம். ஸ்குரூ இறுக்கமாகத்தான் இருந்தது. யாராக இருந்தாலும் கையால் ஆட்டிப் பார்த்துச் சரி என்று விட்டிருப்பார்கள். கழற்றினால் வளையத்தின் அடியில் பளபளப்பாகப் பெயின்ட். சாவியால் கீறினேன், பெயின்ட், அதன் கீழ் பிரைமர், அதன் கீழ் இன்னொரு பூச்சு. இரும்பு தெரிய நேரமாயிற்று. வளையம் எங்கேயும் இரும்பைத் தொடவில்லை. ஸ்குரூவின் மரை மட்டும் எங்கோ ஓரமாகப் பட்டுக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், காருக்கு எப்ப பெயின்ட் அடிச்சீங்க?"

"போன வருஷம் மகளோட கல்யாணத்துக்கு. டிங்கரிங் பார்த்து, எஞ்சின் ரூமையும் சேர்த்து அடிச்சாங்க. அழகா செஞ்சாங்க தம்பி."

அழகாகத்தான் செய்திருந்தார்கள், குறை சொல்ல மனம் வரவில்லை. பெயின்டர் எல்லாவற்றையும் கழற்றி, அடித்து, அதே இடத்தில் பூட்டியிருக்கிறார். பூட்டும்போது வயர்க் கட்டைச் சுத்தமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் கட்டால் இறுக்கியும் இருந்தார். டைனமோவுக்குப் போகும் வயர்களும் ஈ வயரும் ஒரே கட்டில், கொஞ்சமும் தளர்வில்லாமல். மேட்டில் இரண்டாவது கியரில் எஞ்சின் தன் ரப்பர் மவுண்ட்டில் சாயும். சாயும்போது கட்டை இழுக்கும், கட்டு ஈ வளையத்தை இழுக்கும். என் கடையில் கார் நின்ற இடத்தில் எத்தனை முறுக்கினாலும் கோளாறு வராததற்குக் காரணம் அதுதான். எட்டு மாதம் என்று மாஸ்டர் சொன்ன கணக்கும் கல்யாணத்துக்குப் பிந்திய காலமும் சரியாக ஒத்துப்போயின.

வேலை என்று பார்த்தால் அரை மணிநேரம் இல்லை. வளையத்தின் இடத்தை இரும்பு மின்னும்வரை சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசினேன். ஈ முனையிலிருந்து டைனமோவின் உடலுக்கு நேராக இன்னொரு வயரும் ஓட்டினேன். டைனமோவின் எர்த்தும் ரெகுலேட்டரின் எர்த்தும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம், பாடி எப்படிப் போனாலும். எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையில் உள்ள பட்டையையும் அளந்தேன், சார்ஜ் ஓடும்போது 0.08, நல்லது. வயர்க் கட்டைத் தளர்த்தினேன்.

பிறகு, முன்பு தளர்த்தப்பட்ட அந்த ஸ்குரூ. ஓவர் சார்ஜ் என்று பார்த்தவர் அன்று மீட்டரில் கண்டது பொய்யல்ல, அன்று எர்த் அரைகுறையாக இருந்திருக்கும். அதற்கு மருந்தாக ஸ்குரூவைத் தளர்த்தினார். எர்த் நன்றாகத் தொட்ட நாட்களில் வோல்ட் இன்னும் குறைந்துபோனது. ஒரு கோளாறு இரண்டானது இப்படித்தான்.

இதைச் சரிசெய்ய ஏ (பெட்டரி), ஏ1 (இக்னிஷன்) வயர்களைப் பெட்டியிலிருந்து கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துவிடவேண்டும், இக்னிஷனுக்குப் பெட்டரியிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டிருக்கும், டைனமோவில் சுமை இருக்காது. டிக்கும் ஈக்கும் மீட்டர். எஞ்சினை மெதுவாக ஏற்றினால் ஓரிடத்தில் முள் துடித்து நிற்கும். அங்கே 20 பாகை வெப்பத்தில் 16 வோல்ட்டை ஒட்டி இருக்கவேண்டும். பெட்டரி சேராத அளவு இது, அதனால்தான் இவ்வளவு உயரம். இதில் 14.9 இருந்தது. எல்லாம் 30 விநாடிக்குள் முடிய வேண்டும், இல்லாவிட்டால் காயில் சூடாகி எண் ஏமாற்றும். இரண்டு தடவை ஆறவிட்டு 16.1இல் நிறுத்தினேன். வயர்களைப் பூட்டி, அதே மேட்டில் ஏற்றினோம். ஏ 14.2, ஈ 0.03. மேலே போய்த் திரும்பி வந்தபோதும் அதேதான்.

ஆல்டர்னேட்டர் போடச் சொன்னவரைப் பற்றி ஒரு வார்த்தை. போட்டிருந்தால் கோளாறு நின்றிருக்கும், ஏனென்றால் இந்தப் பெட்டியே வேலை இல்லாமல் போயிருக்கும். ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியாது. சாதாரண ஆல்டர்னேட்டருக்காகப் பிளஸ் எர்த்தை மைனஸாக மாற்றவேண்டும், காசும் போகும். நிறைய லைட் போட்டு இரவில் தூரம் ஓடுபவர்களுக்கு நான் அதைச் சொல்வேன். மாஸ்டருக்குச் சொல்லவில்லை.

லைட் பற்றிச் சொன்னபோது ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தோம். சி40 கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 22 ஆம்பியர், அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது. ஐட்லிங்கில் ஒன்றும் கிடையாது. மாஸ்டரின் ஹெட்லைட் டிம்மில் இரண்டு 55 வாட், சுமார் எட்டரை ஆம்பியர். பனிக்காக அவர் போட்ட மஞ்சள் லைட் இரண்டும் 55 வாட், இன்னோர் எட்டரை. பின்லைட், நம்பர் லைட் எல்லாம் இரண்டு. வைப்பர் இரண்டரை, இக்னிஷன் மூன்று. கூட்டினால் 24 தாண்டுகிறது. நானுஓயாவிலிருந்து கீழே பனியில் ஊர்ந்து இறங்கும்போது டைனமோ அதில் பாதிகூடத் தராது. எர்த் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பயணத்தில் பெட்டரி இறங்கத்தான் செய்யும். பனியில் மஞ்சள் லைட்டும் சைட் லைட்டும் மட்டும், பனி விலகினால் ஹெட்லைட் மட்டும் என்று பேசிக்கொண்டோம். மாஸ்டர் ஸ்விட்ச் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு ஒட்டி எழுதிவைத்திருக்கிறார்.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தேன். தண்ணீர் ஒரு விரல்கடைகூடக் குறையவில்லை. ஓய்வில் 12.6. ஐந்து அறைகள் 1.260க்கு மேல், அந்த ஆறாவது அறை மட்டும் 1.210. தட்டு வெளியே காய்ந்து கிடந்த நாட்களின் சேதம் அது, இனி ஏறாது. பெட்டரி கொஞ்ச நாள் தாங்கும், அடுத்த குளிருக்கு முன் மாற்றினால் நல்லது என்றேன். நாலாவதா என்று மாஸ்டர் சிரித்தார். வாசலில் கார் இன்னும் சரிவில்தான் நின்றது, சக்கரத்தடியில் கல்லோடு.